செயலாளரின் ஆண்டறிக்கை: தாராசுரம் குடும்பச் சுற்றுலாவும் பிறவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் நகர்வாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். வடிகால், ஐப்பசி மழைக்கு முன்பே தூர்வாரப்பட்டது. குறுக்குத் தெருவில் விளக்கு எரிகிறது. தெருநாய்ப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை இங்கே படிக்கப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

இனி, தை மாதக் கடைசியில் நடந்த குடும்பச் சுற்றுலா. இதற்காகச் செயற்குழுவில் நடந்த சண்டை வடிகாலுக்குக்கூட நடந்ததில்லை என்பதால் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். வேன் பிடித்து ஒரே நாளில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் பார்த்துவிட வேண்டும் என்றது ஒரு தரப்பு. ஒன்பது கோயில் வரிசையில் நின்று முன்னால் நிற்பவரின் முதுகைத் தரிசித்துவிட்டு வருவதைவிட, ஒரே ஊரில் இறங்கி நாள் முழுக்க நடக்கலாம் என்றேன் நான். ஊர் தாராசுரம் என்றதும் எதிர்ப்பு இன்னும் வலுத்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்தின் நிழலில் குடியிருப்பவர்கள் 80 அடி விமானத்தைப் பார்க்க ரயிலேற வேண்டுமா என்று கேட்டார்கள். வாக்கெடுப்பில் தாராசுரம் மயிரிழையில் வென்றது.

பாசஞ்சர் ரயிலில் போனோம். வெண்ணாறும் வெட்டாறும் தாண்டும்போது இரு பக்கமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை.

தாராசுரம் இன்று கும்பகோணத்தின் புறநகர். 2021 இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு மொத்தக் காய்கறி மார்க்கெட்டால்தான் பழக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் இங்கே ஐராவதேசுவரர் கோயிலைக் கட்டியபோது இது இராசராசபுரம். நம் பெரிய கோயில் 1987 இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004 இல்தான் அதனோடு சேர்ந்தன.

பெரிய கோயிலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். இங்கே குனிந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் மன்னிக்கவும். கருவறைப் பகுதியின் அடித்தளத்தைச் சுற்றி நாயன்மார் கதைகள் முழ உயரம்கூட இல்லாத சிற்பங்களாக ஓடுகின்றன. மேலே அந்தக் காலத்து எழுத்தில் பெயர்க்குறிப்பு. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்; அவன் மகன் கட்டிய கோயில் இது. பாட்டு வெளிவந்து ஒரு தலைமுறைக்குள் கல்லில் ஏறிவிட்டது. செதுக்கிய சிற்பிகளில் சிலர் அதைப் புதுப் பாட்டாகவே கேட்டிருக்கக்கூடும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் அவிநாசிக் காட்சியின் முன்னால் நம் பிள்ளைகள் கூட்டம் போட்டுவிட்டார்கள். கதை சொல்லும் பொறுப்பை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். வேன் கட்சியின் தலைவரும் அவரேதான்.

யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தில் எது எது என்று இரு குடும்பங்கள் வாதாடின. தேர்போல் அமைந்த இராசகம்பீரன் மண்டபத்தின் கல் சக்கரத்தோடு படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை. தட்டினால் இசைக்கும் பலிபீடப் படிகள் கம்பிக்குள் பத்திரமாக இருக்கின்றன. தட்டித் தட்டியே தேய்த்துவிடும் இனம் நாம் என்பதால் கம்பி போட்டது சரிதான். ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு விளக்க முடியவில்லை. நண்பகலுக்கு முன்பே கல் சுடத் தொடங்கியதால் புளியோதரையும் தயிர்சாதமும் திட்டமிட்டதற்கு முன்னதாகவே பிரிக்கப்பட்டன.

பிற்பகலில் வீரபத்திரர் கோயில். சோழர் அவைப்புலவர் ஒட்டக்கூத்தர், வீரபத்திரர் தக்கன் வேள்வியை அழித்த கதையைத் தக்கயாகப் பரணியாகப் பாடியதை இந்த இடத்தோடு சேர்த்துச் சொல்வது மரபு. அங்கே நம்மைத் தவிர யாரும் இல்லை. அடுத்து நெசவாளர் தெரு. சௌராட்டிரக் குடும்பங்கள் பட்டு நெய்யும் வீடுகளில் குழித்தறிச் சத்தம் வாசல் வரை கேட்டது. ஒரு வீட்டில் உள்ளே அழைத்து, பாவு கட்டுவதையும் சரிகை ஓடுவதையும் பொறுமையாகக் காட்டினார்கள். சேலை விலையைக் கேட்ட நம் பெண்களிடம் அந்த வீட்டுப் பெரியம்மா, “விலை கடைக்காரர் சொல்வது அம்மா, எங்களுக்குக் கூலிதான்” என்றார். அதன் பிறகு யாரும் பேரம் பேசவில்லை. இந்தச் சுற்றுலாவில் எனக்குப் பெரிதாகத் தோன்றியது கோயிலல்ல, இந்தத் தெருதான். வேனில் போயிருந்தால் இதன் முனையில்கூட நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

திரும்பும் வழியில் கும்பகோணத்தில் டிகிரி காபி. அது பற்றி அறிக்கை தேவையில்லை.

குறைகளும் உண்டு. முதியவர்கள் நடுவில் உட்கார இடம் பார்த்து வைக்கவில்லை. கழிப்பறை வசதி பற்றி வந்த புகார்கள் நியாயமானவை. அடுத்த முறை முன்பே ஒருவர் போய்ப் பார்த்து வருவார்.

அடுத்த ஆண்டுக்கான செயற்குழுவின் பரிந்துரையும் தாராசுரத்திலிருந்தே வந்தது. முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கலியாணபுரத்தை வென்று எடுத்துவந்த துவாரபாலகர் சிலை எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள். வெற்றிச் செய்தி பீடத்திலேயே வெட்டப்பட்ட அந்தச் சிலை, தாராசுரத்திலிருந்து நம் அரண்மனை வளாகக் கலைக்கூடத்துக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. கலைக்கூடம் தொடங்கியது 1951 இல். கலைக்கூடத்துக்குள் போயிருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது ரயில் பெட்டியில் எழுந்த கைகள் மிகச் சில. ஆகவே அடுத்த சுற்றுலா உள்ளூர்க் கலைக்கூடத்துக்கு, டவுன் பஸ்ஸில். நவக்கிரக வேன் வேண்டுவோர் தனியாக முன்பணத்துடன் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம், தஞ்சாவூர்