படை புறப்படும் முன்பே வாக்கெடுப்பு

ஆசிரியருக்கு, வணக்கம். ஊர்வலங்களால் எந்தப் போரும் நின்றதில்லை என்ற தங்கள் தலையங்கம் பிரிட்டனைச் சான்று காட்டுகிறது. அங்கே கோளாறு கூட்டத்தில் இல்லை, வாக்கெடுப்புக்கு நாள் குறித்ததில் இருந்தது. ஈராக் போரை எதிர்த்து 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் வீதிகளில் பல லட்சம் பேர் திரண்டனர். நாடாளுமன்ற வாக்கெடுப்போ மார்ச் 18 அன்றுதான் நடந்தது. அதற்குள் சுமார் 45,000 பேர் கொண்ட படை வளைகுடாவில் இறங்கிவிட்டது. ‘எல்லையில் நிற்கும் வீரர்களைத் திருப்பி அழைப்பதா?’ என்ற கேள்விக்கு முன் எந்த வாதமும் எடுபடவில்லை. 412-149 என்று போருக்கு ஒப்புதல் தரும் தீர்மானம் நிறைவேறியது. லிபியா விஷயத்தில் இன்னும் மோசம்: 2011 மார்ச் 19 அன்று குண்டு விழுந்தது, 21 அன்று வாக்கெடுப்பு. மாறாக, 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீதான தாக்குதலுக்கு முன்பே அவை கூடியது. 285-272 என அரசு தோற்றது, பிரிட்டன் விலகி நின்றது.

முன்கூட்டியே விவாதிக்கும் இந்த வழக்கம் சட்டமல்ல, வெறும் மரபு. அதனால்தான் 2018 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையில் அவை கூடாதபோதே சிரியா மீது ஏவுகணைகள் பாய்ந்தன. ஆகவே போர் எதிர்ப்பாளர்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்பும் மனுவில் ‘போர் வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல் இரண்டைக் கேட்கட்டும்: படையை நகர்த்தும் ஆணைக்கு முன்பே வாக்கெடுப்பு, அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரலின் சட்டக் கருத்து சுருக்கமாக அன்றி முழுமையாக அவையில் வைக்கப்படுதல். ஈராக் போர் பற்றிய 2003 மார்ச் 7 தேதியிட்ட முழுக் கருத்து வெளிவர 2005 ஏப்ரல் ஆயிற்று.