கரட்டில் ஆச்சா விதையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் கரட்டடியில், அதாவது பாறைக்குன்றின் அடியில், மரக்கன்று நட்டார்கள். வண்டியில் வந்து இறங்கியது மே ஃப்ளவர், நீர்மருது இரண்டும்தான். மே ஃப்ளவர் மடகாஸ்கர் மரம். நீர்மருது நம் மரமே, ஆனால் ஒகேனக்கல்லில் காவிரிக்குள் காலை நீட்டிக்கொண்டு நிற்கிற மரம். அதைக் கொண்டுவந்து பாறைக்கரட்டில் வைத்தால் என்ன ஆகும்? மாசிக்குள் முக்கால்வாசி காய்ந்துவிட்டன.

அங்கே ஆடு மேய்க்கிறவரைக் கேட்டிருந்தால் ஆச்சா, உசில் மரங்களை வை என்று சொல்லியிருப்பார். பென்னாகரம், அஞ்செட்டி, உரிகம் பக்கத்துக் காடுகளில் ஆச்சா இன்றும் நிற்கிறது. ஒரு காம்புக்கு இரண்டே இலை, ஆட்டுக்குளம்பு பதிந்த தடம் மாதிரி. வைரம் பாய்ந்த கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். எங்கள் தாத்தா வீட்டுத் தூணில் ஆணி இறங்காது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதசுரத்தையும் ஆச்சாவில்தான் கடைகிறார்கள். அதற்கு இடித்த பழைய வீடுகளின் கட்டையைத் தேடி வாங்குகிறார்கள் என்று படித்தபோது மனசு கனத்துப்போனது.

நாற்றங்காலில் ஏன் ஆச்சா இல்லை என்று விசாரித்தேன். கன்று உயரமாகத் தெரியாதாம். உண்மைதான். அது முதலில் ஆணிவேரைத்தான் ஆழமாக இறக்கும், மேலே எழுவதற்கு வருஷங்கள் ஆகும். பாலித்தீன் பையில் அந்த வேர் அடிமுட்டிச் சுருண்டுகொள்ளும். அதனால் பையே வேண்டாம். சருகு போன்ற காயின் நுனியில் ஒரே விதை இருக்கும், கோடையில் உதிரும். அதைப் பொறுக்கி வைத்து, மழை தொடங்கியதும் கரட்டிலேயே ஊன்றலாம். ஆடுகளுக்கு அந்தத் தழை உயிர். முதல் சில வருஷம் முள் அடைத்துக் காக்க வேண்டும்.

அடைப்பதற்கும் நம்மிடம் செடி உண்டு: களா, காரை, சூரை. முன்பு கொல்லைக்குக் கொல்லை வேலியே அவைதான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சூரைமுள் கிழித்த கையோடு பழம் பறித்துத் தின்றிருக்கிறோம். கம்பிவேலி வந்த பிறகு என் பேரனுக்குக் களாக்காய் தெரியவில்லை, ஊறுகாய் பாட்டிலில் காட்டினேன்.

பசுமைத் தமிழகம் திட்டத்துக்கு நாற்று வளர்ப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி கரடுகளுக்கு இந்த மலை விதையையே எடுங்கள். வரும் சித்திரையில் பொறுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஊரிலிருந்து பத்துப் பேர் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்