முருகேசனுக்கு: பெயின்ட் படிப்பு பற்றி

அன்புள்ள முருகேசா,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கயல் எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப் போகிறாள், பாலிமர், பெயின்ட் பக்கம் போகலாமா என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவளும் நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும் என்று எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். சாந்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பையன் ஓசூரில் வேலையில் சேர்ந்துவிட்டான். மாதம் ஒருமுறை வருகிறான். துறையில் இந்த வருடமும் பூச்சுகள் பற்றிய ஆய்வக வகுப்பு எனக்குத்தான். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

சரி, படங்களுக்கு வருகிறேன். உன் அலுவலக மொட்டைமாடியில் கடலைப் பார்க்கச் சாய்த்து வைத்திருக்கிற, எங்கள் மாணவர்கள் பெயின்ட் பூசிய இரும்புத் தகடுகளில், இரண்டாம் வரிசை இடது ஓரத்தில் இருப்பதை மாணவர்கள் ரொம்ப நம்பியிருந்தார்கள். எபாக்சி என்ற பிசின் பெயின்ட் மட்டும் பூசியது, மேலே டாப்கோட் (மேற்பூச்சு) கிடையாது. உப்பு நீர் தெளித்துத் துருவைச் சோதிக்கிற எங்கள் சால்ட் ஸ்பிரே பெட்டியில் 1000 மணி நேரம் வைத்தும் கீறலைச் சுற்றித் துரு பெரிதாகப் பரவவில்லை. தூத்துக்குடி வெயிலில் அதே எபாக்சி சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. நீ விரலால் தேய்த்த தடம் படத்திலேயே தெரிகிறது. எபாக்சிக்கு வெயில் ஆகாது என்பது உனக்குத் தெரியாததில்லை. பெட்டிக்குள் வெயிலே கிடையாது என்பதைத்தான் பையன்கள் யோசிக்கவில்லை.

அதற்குப் பக்கத்தில் இருப்பது துத்தநாகப் பிரைமர் அடித்த தகடு. அதன் கதை நேர்மாறு. பெட்டியில் வெள்ளைத் துரு பூத்துப் பார்க்கவே மோசமாக இருந்தது. ஒரு மாணவி அதைத் தோல்வி என்றே பதிவேட்டில் எழுதிவிட்டாள். உன் மாடியில் கீறல் விட்ட இடத்தில்கூட இரும்பு சிவக்கவில்லை. பெட்டிக்குள் 35 டிகிரியில் 5 சதவீத உப்பு நீர் ஓயாமல் பனிபோல விழுந்துகொண்டே இருக்கும், தகடு காயவே காயாது. துத்தநாகத்தின் மேல் கெட்டியான கார்பனேட் படலம் பிடிக்க வேண்டுமானால் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். வெளியில் அது தினமும் நடக்கிறது. அந்தச் சோதனை முறை 1939இல் எழுதப்பட்டது. ஒரே பூச்சு, இந்தத் தொகுதியும் அடுத்த தொகுதியும் ஒரே தரமா என்று தொழிற்சாலையில் ஒப்பிட்டுப் பார்க்க அது நன்றாக உதவும். இந்தப் பூச்சு கடலோரத்தில் எத்தனை வருடம் நிற்கும் என்று அதனிடம் கேட்கக் கூடாது. ஆனால் கேட்கிறோம். கேட்டு, பதிலை ஆய்வேட்டிலும் அச்சேற்றுகிறோம்.

கயலிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். நம் பல்கலைக்கழகங்களில் பாலிமர் வேதியியல் நன்றாகவே கற்றுத் தருகிறார்கள். ஸ்டாடிங்கர் 1920இல் நீளச் சங்கிலி மூலக்கூறுகளைப் பற்றிச் சொன்னதிலிருந்து, கரோதர்ஸ் சமன்பாடு, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, குறுக்கு இணைப்பு அடர்த்தி வரை எல்லாம் பாடத்தில் உண்டு. அந்தப் பாலிமர் போய் ஒட்டவேண்டிய இரும்பைப் பற்றியும், அது நிற்கவேண்டிய வெயில், உப்பு, வருடங்கள் பற்றியும் பாடம் மிகக் குறைவு. நீ சைட்டில் பார்க்கிற பூச்சுத் தோல்விகளில் பெரும்பாலானவை மேற்பரப்பைச் சரியாகத் தயார் செய்யாததால் வந்தவை என்று நீயே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். படித்து முடித்து வருகிற பிள்ளையிடம் எஸ்.ஏ. இரண்டரை (துகள் வீசி இரும்பைச் சுத்தம் செய்வதன் ஒரு தர அளவு) என்றால் என்ன என்று கேட்டால் பல பேருக்குத் தெரிவதில்லை. இரும்பின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்குகிற பனி நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது மேலே இருந்தால்தான் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பதும் அப்படித்தான்.

அதனால் இந்த வருடம் ஆய்வக வகுப்பை மாற்றியிருக்கிறேன். ஒரே டப்பா பெயின்ட், மூன்று விதமான தகடுகள். ஒன்றைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, இன்னொன்றை உப்புத்தாளால், மூன்றாவதை வெளியே கொடுத்து பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக வீசிச் சுத்தம் செய்வது) செய்து வாங்குவது. நான்காவதாக ஒன்றை பிளாஸ்டிங்குக்குப் பிறகு வேண்டுமென்றே லேசாக உப்பு நீர் தெளித்துக் காயவைத்துவிட்டு பெயின்ட் அடிக்கச் சொன்னேன். வெளியே பார்த்தால் நான்கும் ஒரே பளபளப்பு. பிறகு வெதுவெதுப்பான நீரில் மூழ்கவைத்தோம். நான்காவது தகட்டில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பின. ஒரு மாணவன் ஒன்றை ஊசியால் குத்தினான். உள்ளேயிருந்து நீர் கசிந்தது. பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு, சவ்வூடு பரவலால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. சவ்வூடு பரவல் பிளஸ் டூவிலேயே படித்ததுதான். ஆனால் பெயின்ட் படலம்தான் அந்தச் சவ்வு என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது. அடுத்த வகுப்பில் தகட்டில் ஒட்டியிருக்கிற உப்பை அளக்கிற பிரெஸ்லே பேட்சை நான் சொல்லாமலே கேட்டு வாங்கினார்கள்.

இன்னொரு பயிற்சியையும் கயலிடம் சொல். ஒரே ஆல்கிட் பிசினில் நிறமியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வரிசையாகத் தகடுகளில் இழுப்பது. தொடக்கத்தில் எனாமல்போல் மின்னும். நிறமி கூடக் கூட மினுப்பு குறையும். ஒரு கட்டத்துக்கு மேல் நிறமித் துகள்களுக்கு இடையே உள்ள இடத்தை நிரப்பப் பிசின் போதாமல் காற்று புகுந்துவிடும். அந்த எல்லையை ஆஸ்பெக்கும் வான் லூவும் 1949இல் தெளிவாக வரையறுத்தார்கள். வகுப்பில் அதற்குக் கணக்குப் போடுவோம். ஆனால் தகட்டின் மேல் ஒரு சொட்டு பேனா மையை வைத்துத் துடைத்துப் பார்த்தால் கணக்கே வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கம் மை துணியோடு வந்துவிடும், அந்தப் பக்கம் உறிஞ்சிக் கறை நிற்கும். வீட்டுச் சுவரில் டிஸ்டெம்பர் ஏன் கறை பிடிக்கிறது, கதவு எனாமல் ஏன் பிடிப்பதில்லை என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது.

பூச்சுக் கல்வி தொடங்கிய கதையையும் உனக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வடக்கு டகோடாவின் வேளாண் கல்லூரியில் எட்வின் லாட் என்றொரு வேதியியல் பேராசிரியர் இருந்தார். அந்தக் காலத்துப் பெயின்ட் டப்பாக்களில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் பகுத்துப் பார்த்து வெளிப்படுத்தினார். உள்ளே இருப்பதை டப்பாவின் மேல் எழுத வேண்டும் என்று 1905இல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. ஒரு பெயின்ட் கம்பெனி வழக்குப் போட, 1907இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. லாட் அதோடு விடவில்லை. பார்கோ நகரில் மரவேலி கட்டி, வெவ்வேறு பெயின்ட் பூசி, வெயிலிலும் பனியிலும் நிற்கவிட்டு எது எப்படி உரிகிறது என்று பார்த்தார். பின்னாளில் செனட்டராகவும் ஆனார். அந்தக் கல்லூரிதான் இன்றைய வடக்கு டகோடா மாநிலப் பல்கலைக்கழகம்; பூச்சுகளுக்கும் பாலிமர்களுக்கும் சேர்த்துத் தனித் துறையே அங்கே இருக்கிறது. மக்களுக்கு வந்த ஒரு கேள்விக்கு விடை தேடி, வேலியைக் கட்டிக் காத்திருந்து வளர்ந்த துறை அது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

நம் நாட்டிலும் இந்தப் படிப்பு புதிதில்லை. கான்பூர் ஹார்கோர்ட் பட்லர் நிறுவனம் 1921இல் தொடங்கியது, மும்பைப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையான யு.டி.சி.டி. (இன்றைய ஐ.சி.டி.) 1933இல், நாகபுரியின் லட்சுமிநாராயண் நிறுவனம் 1942இல். பெயின்ட் கம்பெனிகளின் ஆய்வுக்கூடங்களில் எங்கே போனாலும் இந்த மூன்றில் ஒன்றில் படித்தவர் இருப்பார். பக்கத்தில் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் பாலிமருக்கும் ரப்பருக்கும் துறை இருக்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்கள், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத் தருகிற சிப்பெட், அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் உனக்குத் தெரிந்தவை.

ஆராய்ச்சி என்றால் நான் கயலுக்கு முதலில் சொல்வது காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அரிப்பு பற்றிய ஆராய்ச்சி அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. மண்டபத்தில் அவர்களுக்குக் கடலோர ஆய்வு நிலையமும் உண்டு. வேதியியல் படித்த பெண்ணுக்கு, அரிப்பை அதன் சொந்த ஊரிலேயே பார்க்கிற வாய்ப்பு அங்கே கிடைக்கும்.

மண்டபத்திலிருந்து பார்த்தால் பாம்பன் தெரியும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் நூறு வருடத்துக்கு மேல் உப்புக் காற்றில் நின்றது. 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் ஓடுவது நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள்; அதற்கு பாலிசிலாக்சேன் பூச்சு, கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. பாலிசிலாக்சேனின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வருவது. அந்தப் பிணைப்பு கார்பன்-கார்பன் பிணைப்பைவிட வலுவானது, வெயிலுக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. உன் மாடியில் வெளுத்த எபாக்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கயல் படித்திருக்கிற பிணைப்பு ஆற்றல் பாடம்தான். அந்தப் பூச்சு பாம்பன் காற்றில் எப்படி நிற்கிறது என்று வருடா வருடம் அளந்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அது நம் மாணவர்கள் செய்ய வேண்டிய ஆய்வு என்று நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதில் உள்ள சிக்கலையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆராய்ச்சி உதவித்தொகை ஐந்து வருடம். அதற்குள் கட்டுரைகள் வர வேண்டும். 3.5 சதவீத உப்பு நீரில் தகட்டை முப்பது நாள் மூழ்கவைத்து மின்மறுப்பு (மாறு மின்னோட்டத்துக்குப் பூச்சு காட்டும் தடை) அளந்தால் ஒரு கட்டுரை ஆகிவிடும். கடற்கரையில் வைத்தால் இரண்டு வருடம் ஆனாலும் நல்ல பூச்சு அப்படியே இருக்கும், எழுத ஒன்றும் கிடைக்காது. கடத்தும் பாலிமர்களுக்கு 2000இல் நோபல் பரிசு வந்த பிறகு அவற்றில் ஒன்றான பாலிஅனிலினை வைத்து எத்தனையோ ஆய்வேடுகள் வந்தன. உன் மேஜைக்கு வருகிற ஸ்பெசிபிகேஷனில் இன்றும் துத்தநாக எபாக்சி, எம்.ஐ.ஓ. (மைக்காபோல் செதில் செதிலான இரும்பு ஆக்சைடு நிறமி), பாலியூரித்தேன்தானே? நல்ல கருத்துகள் பல, வெளியில் நின்று தேறுவதற்குக் காலம் கொடுக்கப்படாமலே போயின என்பது என் வருத்தம். ஒரு மாணவர் வைத்த தகட்டை அடுத்த மாணவர் தொடர்ந்து பார்க்கிற ஏற்பாடு துறைக்குத் துறை வேண்டும். தகடுகளுக்கு எண் போட்டு, பதிவேடு வைத்து, பேராசிரியர் ஓய்வு பெற்றாலும் தொடர்கிற மாதிரி. அதற்குச் செலவுகூட அதிகம் ஆகாது.

கயலுக்குப் பிடிக்கும் என்று நான் நினைக்கிற இன்னொரு திசையும் உண்டு. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயில் கார்டனால் என்றொரு பொருள் இருக்கிறது. அதிலிருந்து செய்கிற பீனால்கமைன், எபாக்சியை இறுகவைக்கும். குளிரிலும், சற்று ஈரமான இரும்பின் மேலும்கூட வேலை செய்யும். கப்பல் பெயின்ட்டில் அது நிஜமாகவே பயன்படுகிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற ஊர்களில் ஓடு மூட்டை மூட்டையாகக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். குஜராத் ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆல்கிட் செய்வது பழைய வேலை, அதிலும் புதிதாகச் செய்ய இடம் இருக்கிறது. கரைப்பானைக் குறைப்பது, நச்சான குரோமேட் இல்லாத பிரைமர் செய்வது என்று கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் இங்கே நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் தொடுகிற சுவர் சம்பந்தப்பட்ட வேலை இது. அவள் இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

நடைமுறை விஷயம்: கேட் தேர்வில் எக்ஸ்.இ. தாளில் பாலிமர் பகுதி உண்டு. வேதியியல் தாளும் எழுதலாம். எம்.டெக். சேர்வதானால் எந்தக் கல்லூரியில் எந்தத் தாளை ஏற்கிறார்கள் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளட்டும். நேராக ஆராய்ச்சி என்றால் நெட் தேர்வு. எங்கே சேர்ந்தாலும் வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்: "உங்கள் ஆய்வகத்துத் தகடுகள் வெளியில் எங்கே இருக்கின்றன?" அப்புறம், பாலியூரித்தேன் பெயின்ட்டை இறுகவைக்கிற ஐசோசயனேட் ஹார்டனரைத் தொடும்போது முகக்கவசம், கையுறை விஷயத்தில் யார் சொன்னாலும் சமரசம் வேண்டாம். ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் அந்த வேலையையே விட வேண்டி வரும்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரியில் எங்கள் மாணவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுக்க வா. தடிமன் அளவி, பனி நிலை பார்க்கிற கருவி, உன் பழைய ஆய்வு அறிக்கைகள் எல்லாம் எடுத்து வா. கப்பல் பெயரை மறைத்துவிட்டால் போதும். துறைத் தலைவர் சம்மதித்துவிட்டார். கயலையும் கூட்டி வா, ஆய்வகத்தை நேரில் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும். தங்க நம் வீடு இருக்கிறது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், தேதியைச் சீக்கிரம் சொல்.

அன்புடன்,
சுந்தரம்