செயலாளர் ஆண்டறிக்கை: சமுதாயக் கூடத்துக்கு இடம் தேடிய ஆண்டு

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது. ஒரு மாதம் மட்டும் ஆள் போதாமல் கலைந்தோம். எரியாத தெருவிளக்குகளின் பட்டியலை உரிய அலுவலகத்தில் கொடுத்தோம். பாதி எரிகிறது, மீதிக்கு நினைவூட்டல் போயிருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி யார் யார் என்று அவரவருக்கே தெரியும் என்பதால் இங்கே படிக்கவில்லை.

மற்றபடி ஆண்டு முழுக்க ஒரே பேச்சுதான்: சமுதாயக் கூடத்தை எங்கே கட்டுவது?

மூன்று இடங்கள் முன்னால் இருந்தன. ஒன்று, ஊர் எல்லையில், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், உறுப்பினர் ஒருவர் தானமாகத் தர முன்வந்த விசாலமான நிலம். அடுத்தது குளக்கரையை ஒட்டிய பொது நிலம். மூன்றாவது, பள்ளிக்கூடத்தின் பின்புறம் பழைய கிடங்கு நிற்கும் குறுகலான மனை. ஆரம்பத்தில் நான் எல்லை நிலத்தின் பக்கம்தான் பேசினேன். நடவடிக்கைக் குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நிலத்தை மட்டும் பார்த்தே ஆக வேண்டும். அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிவுநீர் இணைப்பு கிடையாது, மின்கம்பம் ஊருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இவை ஒவ்வொன்றையும் மீட்டர் மீட்டராக இழுத்துக்கொண்டு போக வேண்டும், அப்புறம் காலம் முழுக்கப் பராமரிக்கவும் வேண்டும். நிலம் இலவசம் என்று நான் போட்ட கணக்கில் இதில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் என் மனதை மாற்றியது குழாயும் கம்பமும் அல்ல. ஒரு நாள் நடந்து பார்ப்போம் என்று நான்கு பேர் கிளம்பினோம். கையில் கடிகாரம். எங்களோடு கைத்தடி ஊன்றி நடக்கும் மூத்த உறுப்பினர் ஒருவரும் வந்தார். கூடம் வந்தால் தினமும் காலையில் போய் உட்காருவேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவர். நகரமைப்பாளர்கள் 400 மீட்டரை ஐந்து நிமிட நடை என்று வைத்துக்கொள்கிறார்கள், அதாவது நிமிடத்துக்கு 80 மீட்டர். அந்த அம்மாவுக்கு 50 மீட்டர் தாண்டவில்லை. நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்ததும் நின்றார். ஒரு லாரி போனது, பின்னாலேயே இன்னொன்று. ஒரு காலைத் தார்ச்சாலையில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். கடைசியில் பக்கத்துப் பாலக்கட்டையில் உட்கார்ந்துவிட்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க தம்பி, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். நாங்கள் போய்ப் பார்த்தோம். பார்த்து என்ன?

1929-இலேயே கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கத் திட்டக்காரர் குடியிருப்புகளுக்கு ஓர் அமைப்பு வரைந்து கொடுத்தார். பள்ளியும் பொதுக் கட்டடங்களும் நடுவில், பெரிய சாலைகள் ஓரத்தில், குறுக்கே வராமல். அவருடைய மற்ற யோசனைகள் மீது நிறைய விமர்சனம் உண்டு. இந்த ஒரு விஷயத்துக்கு எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, பாலக்கட்டையே போதுமாக இருந்தது.

சரி, நடு என்றால் எது நடு? வரைபடத்தில் அளவுகோலை வைத்துச் சரிபாதியில் ஒரு புள்ளி வைத்துக் கொண்டுவந்தார் ஓர் உறுப்பினர். அது ஒரு வயலின் நடுவே விழுந்தது. நாம் தேடுவது நிலத்தின் நடுவை அல்ல, வீடுகளின் நடுவை. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே தெருவில் ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையிலிருந்து 0, 100, 200, 300, 1400 மீட்டரில் அவை இருக்கின்றன. சராசரி எடுத்தால் 400 வரும். அங்கே கட்டினால் ஐந்து வீட்டாரும் நடக்கும் மொத்தத் தூரம் 2000 மீட்டர். வரிசையில் நடு வீடான 200-இல் கட்டினால் 1600 தான். தூரத்தில் இருக்கும் ஒரே ஒரு வீடு சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. எல்லை நிலத்துக்காக நான் வாதாடியபோது, தனித்தீவு மாதிரி ஒதுங்கியிருக்கும் சில வீடுகளைக் காட்டித்தான் வாதாடினேன்.

இப்படிப் பொது இடம் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு பழைய தேற்றமும் இருக்கிறது. பாதைகளின் வலைப்பின்னலில், ஆட்கள் சந்திப்புகளில் இருந்து புறப்படுவதாக எடுத்துக்கொண்டால், மொத்த நடையைக் குறைக்கும் இடத்தை ஏதாவது ஒரு சந்திப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று 1964-இல் ஹக்கீமி என்ற ஆய்வாளர் நிரூபித்தார். பள்ளிக்கூடத்துப் பின்புறம் மூன்று தெருக்கள் கூடுகின்றன என்பதை அந்தச் சமயத்தில் யாரும் சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. ஒதுங்கிய வீட்டார் கேட்டதும் நியாயமான கேள்விதான்: "மொத்தம் குறைந்தால் எங்களுக்கு என்ன?" தீயணைப்பு நிலையமாக இருந்தால் கடைசி வீட்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும். தினமும் நடந்து வந்து போகும் கூடத்துக்கு மொத்த நடையே முக்கியம் என்று செயற்குழு எடுத்துக்கொண்டது. இதில் மாற்றுக் கருத்து இருந்தால் இன்று பேசலாம்.

குளக்கரை நிலத்தைப் பற்றி. அழகான இடம், காற்று நன்றாக வரும், அதை யாரும் மறுக்கவில்லை. மழை விட்ட மறுநாள் போனோம். பக்கத்து மோட்டார் அறையின் சுவரில், பூச்சுக்கு மேல் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. என் முழங்காலுக்கு மேலே ஒரு சாண். அது அன்றைய மழையின் கோடு அல்ல, எப்போதோ வந்துபோனது. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டு நிற்கும் கட்டடம் அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம்.

அடித்தளத்தை உயர்த்திவிடலாமே என்றார்கள். உயர்த்தலாம். தரையை 1.2 மீட்டர் தூக்கினால், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் 14.4 மீட்டர் நீளம் போக வேண்டும். நடுவில் இளைப்பாற ஒரு சமதளமும் வேண்டும். பாலக்கட்டையில் உட்கார்ந்த அம்மாவை அந்த நீளத்துக்கு ஏறச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பின்புற மனைக்கும் குறை இல்லாமல் இல்லை. வண்டி நிறுத்த இடமில்லை. ஒரு கார் நின்று திரும்ப வழியும் சேர்த்தால் சுமார் 25 சதுர மீட்டர் ஆகும். இருபது கார் என்றால் 500 சதுர மீட்டர், கூடத்தையே விழுங்கிவிடும். பள்ளி முடிந்த நேரத்தில் மைதானத்தின் ஒரு பகுதியைத் தர நிர்வாகம் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறது. எழுத்தில் வாங்கும் வரை இதை நான் நம்பப் போவதில்லை. ஒலிபெருக்கி பற்றிப் பக்கத்து வீட்டாருக்குக் கவலை. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஓசை 6 டெசிபல் குறையும், ஆனால் இங்கே இரட்டிப்பதற்குத் தூரமே கிடையாது. அதனால் கதவும் ஜன்னலும் மைதானத்தைப் பார்த்தபடி, வீடுகள் இருக்கும் பக்கம் முழுச் சுவர் என்று வரைந்திருக்கிறோம். இரவு ஒன்பதுக்குப் பூட்டு.

இனி, இந்த ஆண்டின் பெரிய சண்டை. செயற்குழுவில் 11 பேர். முதல் விருப்பம் கேட்டபோது எல்லை நிலத்துக்கு 5, குளக்கரைக்கு 4, பள்ளிக்கூடத்துப் பின்புறத்துக்கு 2. எல்லை நிலம் வென்றது என்று கைதட்டக்கூடச் செய்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து, இரண்டிரண்டாக மோதவிட்டுப் பாருங்கள் என்றார். எல்லை வேண்டும் என்ற ஐந்து பேருக்கும், குளக்கரை வேண்டும் என்ற நான்கு பேருக்கும் இரண்டாவது விருப்பம் பள்ளிக்கூடத்துப் பின்புறம்தான். ஆக, எல்லையோடு மோதினால் அது 6-க்கு 5, குளக்கரையோடு மோதினால் 7-க்கு 4. குறைந்த ஓட்டு வாங்கிய இடம் இரண்டு பேரையும் தனித்தனியாகத் தோற்கடிக்கிறது! 1785-இல் கோந்தோர்சே என்ற பிரெஞ்சு அறிஞர் வலியுறுத்திய முறை இது. "கடைசியில் வந்தவனுக்கு மாலையா?" என்று கேட்ட உறுப்பினர் இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதனால் செயற்குழு பரிந்துரை மட்டும் செய்கிறது, முடிவை இந்தப் பொதுக்குழுவே எடுக்க வேண்டும். பரிந்துரை பள்ளிக்கூடத்துப் பின்புற மனை. மண் பரிசோதனை முடிவு இன்னும் கைக்கு வரவில்லை. களிமண் ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கும் வகையாக இருந்தால் அடித்தளத்தின் வரைபடம் மாறும். தானம் தர முன்வந்தவருக்கு நன்றிக் கடிதம் தயாராக இருக்கிறது, தலைவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

வாக்குச் சீட்டுகள் வாசல் மேசையில் இருக்கின்றன. மூன்று இடங்களுக்கும் நேராக 1, 2, 3 என்று எண் போடவும். டிக் அடித்த சீட்டு செல்லாது. செயற்குழுவில் செல்லாமல் போய், மறுபடியும் எழுதிக் கொடுத்த ஒரே சீட்டு என்னுடையதுதான்.