மலைநாட்டு மீன்பிடிப் பயணம்: கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்தில் ஒருவர் மாற்றி ஒருவரிடம் பேசிக் களைத்த பிறகுதான் இதை எழுதுகிறேன். “நாளைக்கு எடுங்கள்”, “அது ஹட்டன் ஆட்களின் பொறுப்பு”, “சேர் மீட்டிங்கில் இருக்கிறார்”. இதற்கு மேல் தொலைபேசியில் மன்றாட என்னால் முடியாது.

என்ன விற்றீர்கள் என்பது உங்கள் பற்றுச்சீட்டிலேயே இருக்கிறது. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் படகு, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கரையோர மீன்பிடிப்பு, கடைசி நாள் ஹோர்ட்டன் சமவெளியில் டிரவுட் மீன்பிடிப்பு.

கடைசி நாளை முதலில் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிவது அதற்குத்தான். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, அங்கே மீன்பிடிக்க விடமாட்டார்கள். பொலித்தீன் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்க்கிற வாசலுக்கு எங்களைத் தூண்டில்களோடு அனுப்பியிருக்கிறீர்கள்! என் பிள்ளைகளுக்கு முன்னால் நாங்கள் குற்றவாளிகள் போல நின்றோம். மலைநாட்டுப் பயணம் விற்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் பணம் வாங்கினீர்கள்.

அங்கிருந்தே உங்கள் அலுவலகத்துக்கு அழைத்தேன். எடுத்த இளைஞர் சொன்னது: “மீன்தான் வேண்டுமென்றால் பேலியகொடை சந்தைக்குப் போங்களேன், ஏன் இவ்வளவு தூரம் போனீர்கள்?” பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. அழைப்புகளைப் பதிவு செய்வதாக நீங்கள்தானே சொல்கிறீர்கள், போட்டுக் கேட்டுப் பாருங்கள். பணம் போனதைவிட அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, மவுஸ்ஸாகலைக்கு வருகிறேன். என் அப்பா பழைய மஸ்கெலியாவில் பிறந்தவர். 1960களின் கடைசியில் அணை கட்டியபோது அந்தப் பட்டணம் தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் இறங்கும் காலத்தில் பழைய கோயில் இப்போதும் வெளியே தெரியும். அந்த இடத்துக்கு மேலே படகில் இருந்து ஒருமுறை தூண்டில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. பதிவு செய்யும்போதே இதை விளக்கமாகச் சொல்லியிருந்தேன். படகும் இல்லை, படகோட்டியும் இல்லை. அனுமதிக் கடிதம் வரவில்லை என்று உங்கள் ஆள் கைவிரித்தார். அப்பா மழைக்குள் வான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இனி அவர் உடம்புக்கு இப்படி ஒரு பயணம் வாய்க்காது. எங்கள் குடும்பத்தின் ஒரு வருடச் சந்தோஷத்தை நாசமாக்கிவிட்டீர்கள்.

காசல்ரீயைப் பற்றி என்ன சொல்ல? தென்மேற்குப் பருவமழையில் அது நிரம்பி வான் பாயும் என்பது ஹட்டனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கலங்கிய வெள்ளத்தில் கெண்டையுமில்லை, திலாப்பியாவுமில்லை. அந்த வாரம்தான் நல்லது என்று திகதியைக் குறித்துத் தந்தவர்களும் நீங்களே.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். வான் சாரதித் தம்பி தன் கைக்காசில் எங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்தார். அவருக்கு நன்றி. தயவுசெய்து அவர்மேல் பழியைப் போடாதீர்கள்.

முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அந்த இளைஞர் என் அப்பாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணிவாகத்தான் கேட்கிறேன். பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் பற்றுச்சீட்டின் பிரதியோடு போவேன். அப்புறம் சமாதானம் பேச யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06