வோல்டேஜுக்கு அவசரம் வேண்டாம்

அம்மாப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. ஏற்காட்டுக் குளிர் அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய், அதுவே பெரிய நிம்மதி. இங்கே வெயில் கொளுத்துகிறது. சாயங்காலம்கூட மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. மாம்பழம் வர ஆரம்பித்துவிட்டது, நல்ல மல்கோவாவுக்குத்தான் இன்னும் காத்திருக்கிறோம். சின்னவள் கருப்பூர் இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்துவிட்டாள்.

அப்புறம், உன் பழைய கம்ப்யூட்டர் விஷயம். அதில் இருக்கிற இன்டெல் கம்பெனியின் கோர் 2 குவாட் கியூ6600-ஐ நீ இன்னும் வைத்திருப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 2007-ல் அது வந்தபோது நம்மால் வாங்க முடியாமல் ஏங்கிய ப்ராசஸர் அல்லவா! அதை ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, வோல்டேஜை எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டிருக்கிறாய். முதலில் அதைத் தொடாதே என்பதுதான் என் பதில்.

அந்தச் சிப்பில் பெருக்கு எண் 9. அதற்கு மேல் ஏற்ற முடியாது. அதனால் அது பெருக்குகிற அடிப்படை வேகத்தை, அதாவது ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கிற பாதையான எஃப்எஸ்பியைத்தான் ஏற்ற வேண்டும். 266 மெகாஹெர்ட்ஸை 9-ஆல் பெருக்கினால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்; 333 ஆக்கினால் 3.0. ஜி0 ஸ்டெப்பிங் என்கிற பிந்தைய பதிப்புச் சிப்புகளில் நிறைய, கம்பெனி வோல்டேஜிலேயே இந்த வேகத்தைத் தாங்கும். ஆனால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கிற செட்டிங் திரையான பயாஸில் வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டுவிடாதே. வேகத்தை ஏற்றினால் சில மதர்போர்டுகள் நம்மைக் கேட்காமலே வோல்டேஜையும் தூக்கிவிடும். உன் சிப்புக்குக் கம்பெனி குறித்த வோல்டேஜான விஐடி அளவைப் பார்த்து, அதைக் கையால் போட்டு வை. மெமரியை எஃப்எஸ்பிக்கு 1:1-ல் வைத்தால் அது 667-ல் ஓடும், உன் டிடிஆர்2-800 ராமுக்குச் சிரமமே இல்லை. கிராபிக்ஸ் கார்டு செருகுகிற பிசிஐ எக்ஸ்பிரஸின் வேகம் கூடவே ஏறாமல் 100 மெகாஹெர்ட்ஸில் பூட்டிவிடு.

பயாஸில் 1.35 வோல்ட் போட்டால் வேலை செய்யும்போது 1.29 காட்டுகிறது, போர்டு கெட்டுவிட்டதா என்று பயந்திருக்கிறாய். கெடவில்லை. இன்டெல் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. ப்ராசஸர் முழு வேலையில் இருந்து சட்டென்று ஓயும்போது வோல்டேஜ் ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளல் எல்லை மீறாமல் இருக்கத்தான், வேலையின்போது கொஞ்சம் இறங்கி நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதைச் சரிக்கட்ட பயாஸில் இருக்கிற லோட்லைன் கேலிப்ரேஷன் என்ற வசதியை முழுதாகப் போட்டால், மேலே துள்ளும் வோல்டேஜ் உன் கண்ணுக்குத் தெரியாமலே சிப்பைத் தாக்கும். அப்படியே விட்டுவிடு.

3.6 ஜிகாஹெர்ட்ஸ் வரை போக ஆசை என்கிறாய். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சூடு வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு ஏறும்போது அதன் வர்க்கமாக ஏறும். 1.25 வோல்ட்டில் ஓடுகிற சிப்பை 1.40-க்குத் தூக்கி 3.6-ல் ஓட்டினால் வேகம் ஒன்றரை மடங்கு, மின்செலவோ கிட்டத்தட்ட 1.9 மடங்கு. அவ்வளவும் போர்டில் ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கிற மின்சுற்று வழியாகத்தான் போக வேண்டும். அந்தச் சுற்றில் இத்தனை வருஷம் உழைத்த கெப்பாசிட்டர்களை அப்படி வதைக்கலாமா? அவற்றின் தலை உப்பியிருக்கிறதா என்று முதலில் பார். உப்பியிருந்தால் ஓவர்கிளாக் பேச்சே வேண்டாம்.

அறை எத்தனை டிகிரி குளிர்கிறதோ, சிப்பும் ஏறக்குறைய அத்தனை டிகிரி குளிரும். அந்த வகையில் நீ கொடுத்து வைத்தவன். 1500 மீட்டர் உயரத்தில் காற்று கொஞ்சம் இலேசு என்பதால் ஃபேன் குளிர்விக்கிற திறன் சற்றுக் குறையும். ஆனாலும் குளிரில் கிடைக்கிற லாபம்தான் அதிகம். சிப்பின் மேல் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கிற பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடு.

333-ல் வைத்து, மெமரியைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ஓர் இரவும், ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கிற ப்ரைம்95-ஐ ஒரு முழுப் பகலும் ஓட்டு. பிழை வந்தால் மட்டும் வோல்டேஜை ஒரு படி ஏற்று. திரையே வராமல் போனால் பயப்படாதே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும், பயாஸ் செட்டிங்கை அழிக்கிற சிமாஸ் ஜம்பரை மாற்றிப் போட்டு எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இன்னொன்று. கல்யாண வீடியோ எடிட் செய்யத்தான் இவ்வளவும் என்றால், முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடு. ஃபைல் திறக்கவும் புரோகிராம் ஏறவும் காத்திருக்கிற நேரம் அதில்தான் குறையும். 3.0 ஜிகாஹெர்ட்ஸ் வேகம், எடிட் முடித்த வீடியோவை ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யும்போது கைகொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வரலாம் என்று இருக்கிறேன். அதற்குள் பயாஸ் பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்து வைக்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்