பெற்றோர் கவனத்திற்கு: பள்ளி விடும் நேரமும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை பள்ளி வாசலில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று, புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் வர மாட்டேன், அம்மா வரட்டும்" என்று ஒரே பிடியாக நின்றது. அழைக்க வந்தவர் சொந்தச் சித்தப்பாதான். அவர் கோபப்படவில்லை, அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். குரலைக் கேட்ட பிறகே குழந்தை வண்டியில் ஏறியது. அந்தப் பிடிவாதத்தை நாம் எல்லோரும் வீட்டில் வளர்க்க வேண்டும்.

வேறு யாரேனும் அழைக்க வருவதானால் காலையிலேயே வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், குழந்தையிடமும் சொல்லுங்கள்.

தொடுதல் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். குளிப்பாட்டும்போதே இயல்பாகச் சொல்லலாம். "யாரிடமும் சொல்லாதே" என்று யார் சொன்னாலும், அதை முதலில் நம்மிடம்தான் சொல்ல வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். அப்படிச் சொல்ல வரும்போது "நீ ஏன் அங்கே போனாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியில் வாயை மூடிக்கொள்ளும்.

குழந்தைகள் உதவி எண் 1098, இருபத்துநான்கு மணி நேரமும். பள்ளி தொடர்பான புகார்களுக்கு 14417. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அப்படிப்பட்ட குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது. ஆகவே "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோ படமோ இந்தக் குழுவில் வரவே கூடாது. வந்தால் உடனே நீக்கிவிடுவேன்.

பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இரண்டு மாதமாகக் கழன்று தொங்குகிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். முடிந்தவர்கள் உடன் வாருங்கள்.